கைக்குக் கீழே கை

பல்லடத்துக்கும் சோமனூருக்கும் இடையில் உள்ள ஊர்களில் தறிச் சத்தம் ஓயும் நேரம் குறைவு. காடாத் துணி நெய்யும் விசைத்தறிகள் இரவு ஷிப்டிலும் ஓடும். அங்கே வளர்ந்தவர்களுக்கு அந்தச் சத்தம் காதில் விழுவதே இல்லை. நின்றால்தான் திடுக்கிட்டு நிமிர்வார்கள். 2016-இல் ஒரு புதன்கிழமை காலை அப்படியொரு வீட்டுக்குள் நுழைந்தேன். ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று சுவரில் கன்னத்தை ஒட்டவைத்து நின்றிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் தறிக்குடோன். நாள் முழுவதும் இப்படித்தான் நிற்பாள், பிடித்து இழுத்தால் தலையை மோதிக்கொள்வாள் என்று அவளுடைய அம்மிச்சி, அம்மாவின் அம்மா, சொன்னார். "சுவரை ஒட்டி நிற்கும் பழக்கம், மாற்ற வேண்டும்" என்று என் குறிப்பேட்டில் எழுதினேன். அந்த வரியை இன்று பார்த்தால் மனம் கூசுகிறது. அந்தச் சுவர் வழியாகத்தான் அவள் தன் அப்பாவைத் தெரிந்துகொண்டிருந்தாள்.

அவளுக்குக் காது கேட்காது. கண்ணில் வெளிச்சமும், பளிச்சென்ற பெரிய உருவங்களும் மட்டும் மங்கலாகத் தெரியும். அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அம்மிச்சி "கண்ணு" என்று கூப்பிடுவார். கொங்கு நாட்டில் எல்லாக் குழந்தைகளும் கண்ணுதான், சாமிதான். முதல் சில வாரங்கள் அந்தச் சொல் எனக்கு உறுத்தியது. பிறகு, வேறு எந்தச் சொல்லும் அவளுக்குப் பொருந்தவில்லை. நானும் கண்ணு என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

நான் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியை. பள்ளிக்கு வர இயலாத குழந்தைகளின் வீட்டுக்கே போய்ச் சொல்லித்தருவது என் வேலைகளில் ஒன்று. படித்தது காது கேளாத குழந்தைகளுக்கான பி.எட். அந்தப் படிப்பின் அடித்தளமே காதின் வேலையைக் கண்ணுக்கு மாற்றிக் கொடுப்பதுதான்: படம், உதட்டசைவு, சைகை. என்னுடன் வேலை பார்த்த இன்னொரு ஆசிரியை பார்வையற்றோருக்கான கல்வி படித்தவர். அங்கே கண்ணின் வேலை காதுக்குப் போகிறது. இருவரும் சேர்ந்து போனால் சரியாகிவிடும் என்று நினைத்தோம். நான் சைகை காட்டினேன், அவர் மணி அடித்தார். கண்ணு சுவரைவிட்டு நகரவில்லை. எங்கள் இருவருடைய படிப்பும் எந்த ஊன்றுகோலை நம்பி நின்றதோ, அது இரண்டும் அவளிடம் இல்லை. காது கேளாமையையும் பார்வையின்மையையும் கூட்டினால் வருவது இந்த நிலை என்று நினைப்பவர்கள், ஆசிரியர்களிலும் மருத்துவர்களிலும்கூட, இன்றும் இருக்கிறார்கள். இதைத் தனி ஒன்றாகப் பார்த்தால்தான் வழி பிறக்கிறது.

முதல் மூன்று மாதம் நான் செய்தது பெரும் தவறு. அவள் கையைப் பிடித்து இழுத்து, சொம்பைத் தொடவைத்தேன், பந்தைத் தொடவைத்தேன், மாவில் அழுத்தினேன். தொட்டால்தானே தெரியும் என்பது என் நியாயம். அவள் விரல்களை முஷ்டியாக இறுக்கிக்கொண்டாள். ஒருநாள் கடித்தும்விட்டாள். அதன்பிறகு கோவையில் ஒரு பயிற்சிக்குப் போனேன். அனுபவம் மிகுந்த ஓர் ஆசிரியை எங்கள் கண்களைக் கட்டி, காதுகளைப் பஞ்சால் அடைத்து, ஒவ்வொருவர் கையையும் எதிர்பாராத நேரத்தில் பிடித்து ஒரு பாத்திரத்துக்குள் விட்டார். ஊறிய புளிதான். ஆனால் அது புளி என்று தெரிவதற்கு முன்பே என் உடம்பு முழுவதும் பதறிப் பின்வாங்கியது. அடுத்த முறை அவர் தன் கையை என் உள்ளங்கைக்குக் கீழே நுழைத்தார். அவர் கையின்மேல் என் கை சவாரி செய்தது. அவர் விரல்கள் எதையோ தொட்டுக் கிளறுவது என் விரல்களுக்குத் தெரிந்தது. நானாக என் விரல் ஒன்றை நழுவவிட்டு, தொட்டுப் பார்த்தேன். அதே புளி. இந்த முறை பயம் இல்லை.

கைக்குக் கீழே கை. இந்தக் கல்வியில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. கண்ணும் காதும் இல்லாத குழந்தைக்கு உள்ளங்கைதான் கண். அதை நாம் பிடித்து ஆட்டுவது, பார்க்கிற குழந்தையின் தலையைத் திருகி ஒரு பக்கமாகப் பார்க்கவைப்பதற்குச் சமம். நம் கை கீழே இருந்தால் அவள் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். விலக முடியும் என்று தெரிந்தபிறகுதான் அவள் நெருங்கிவருவாள். நம் கை நகரும் வேகம் அவளுடைய வேகமாக இருக்க வேண்டும். நகத்தை வெட்டிக்கொள்ளுங்கள், குளிர்ந்த கையோடு போகாதீர்கள், தினமும் ஒரே சோப்பைப் பயன்படுத்துங்கள். இவையெல்லாம் அற்பமாகத் தோன்றும். அவளுக்கு நம் முகம் இவைதான்.

ஊருக்குத் திரும்பியதும் இன்னொன்றைக் கவனித்தேன். அம்மிச்சி திண்ணையில் உட்கார்ந்து நிலக்கடலை உரிக்கும்போது கண்ணுவை மடியில் வைத்துக்கொள்வார். குழந்தையின் இரண்டு கைகளும் கிழவியின் கைகளின்மேல் கிடக்கும். ஓடு உடைவது, பருப்பு விழுவது, தொலி பறப்பது எல்லாம் அந்தக் கைகள் வழியாக அவளுக்குப் போய்க்கொண்டிருந்தது. அம்மிச்சியை அவள் ஒருநாளும் கடித்ததில்லை. நான் பயிற்சிக்குப் போய்க் கற்றுவந்தது அந்த வீட்டுத் திண்ணையில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. அதன்பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் நாள் நான் எதையும் சொல்லித்தருவதில்லை. குழந்தை யாரிடம் அமைதியாக இருக்கிறது, அவர் எப்படித் தொடுகிறார் என்று பார்த்துவிட்டு வருகிறேன்.

வந்திருப்பது யார் என்று சொல்வதிலிருந்து தொடங்கினோம். என் வலது மணிக்கட்டில் ஒரு கறுப்புக் கயிறு, அதில் ஒரு மரமணி. போனவுடன் அவள் தோளில் கையை வைத்து, எடுக்காமல் நிற்பேன். பிறகு கையைச் சரியவிட்டு அவள் விரல்கள் மணியைத் தேடும்படி காட்டுவேன். கிளம்பும்போதும் அதே மணி, பிறகு தோளில் ஒரு தட்டு. சொல்லாமல் போகவே கூடாது. நாம் எழுந்துபோனது அவளுக்குத் தெரியாது. கை நீட்டும்போது அங்கே காற்றுதான் இருக்கும். அப்படி எத்தனை முறை அவள் கையை நீட்டி ஏமாந்திருப்பாள் என்று எண்ணிப் பார்த்தால், சுவரை அவள் ஏன் அவ்வளவு நம்பினாள் என்று புரிகிறது. சுவர் எழுந்து போகாது.

அடுத்தது தூளி. நெதர்லாந்தில் யான் வான் டைக் என்ற அறிஞர், 1960-களில் ரூபெல்லா நோயால் காதும் கண்ணும் பாதிக்கப்பட்டுப் பிறந்த குழந்தைகளுடன் வேலை செய்தவர், ஒரு முறையை வகுத்தார். குழந்தைக்குப் பிடித்த அசைவில் நாமும் உடம்போடு சேர்ந்துகொள்ள வேண்டும். நடுவில் நிறுத்த வேண்டும். "இன்னும் வேண்டும்" என்று அவள் ஏதாவது வகையில் காட்டும்வரை காத்திருக்க வேண்டும். கண்ணுவுக்குப் பிடித்தது விட்டத்தில் கட்டிய சேலைத் தூளி. அவளை மடியில் வைத்துக்கொண்டு ஆடுவேன், நிறுத்துவேன், மனதுக்குள் முப்பது வரை எண்ணுவேன். ஒன்றும் நடக்காது. மறுபடி ஆடுவேன். ஆசிரியராகப் பழகியவர்களுக்கு இந்த முப்பது பெரிய தண்டனை. நம் வாயும் கையும் சும்மா இருக்காது. நான்காவது வாரம், இருபதை எண்ணும்போது, அவள் இடுப்பு முன்பக்கம் லேசாக உந்தியது. உடனே ஆடினேன். இரண்டு மாதத்தில் அந்த உந்தல் என் தொடையில் விழும் இரண்டு தட்டாக மாறியது. வீட்டில் எல்லோருக்கும் சொன்னோம்: எங்கே தட்டினாலும் இரண்டு தட்டு என்றால் "இன்னும்".

ஆனால் அவளுடைய முதல் சொல் "இன்னும்" இல்லை. அதற்கு முன்பே ஒரு சொல் இருந்தது, நான் அதைச் சொல்லாக எடுத்துக்கொள்ளவில்லை: என் கையைத் தள்ளிவிடுவது. "வேண்டாம்" என்று அத்தனை தெளிவாகச் சொன்ன குழந்தையைத்தான் அடம்பிடிக்கிறாள் என்று எழுதி வைத்திருந்தேன். தள்ளினால் உடனே நிறுத்துவது என்று முடிவெடுத்த பிறகு தள்ளுவது குறைந்தது. கடிப்பது நின்றேபோனது.

பெற்றோர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, காதும் கண்ணும் இல்லாமலே எழுத்தாளரான ஹெலன் கெல்லரைப் பற்றித்தான். உறவினர் யாராவது அந்தக் கதையைச் சொல்லி, அந்த அம்மா புத்தகமே எழுதினாரே, இவள் ஏன் ஒரு சொல்கூடக் கற்கவில்லை என்று கேட்டிருப்பார்கள். கண்ணுவின் அம்மா அதை எண்ணி அழுதிருக்கிறார். அவருக்கு நான் சொன்னது இது. ஹெலன் கெல்லர் பத்தொன்பது மாதம் வரை பார்த்தார், கேட்டார். அவருடைய ஆசிரியை ஆனி சல்லிவன் அவர் வீட்டுக்கு வந்தது 1887 மார்ச் 3. "தண்ணீர்" என்ற சொல் கையில் புரிந்தது ஏப்ரல் 5. ஒரே மாதம்தான், ஆனால் அதற்கு அடியில் அந்தப் பத்தொன்பது மாதம் இருந்தது. வீட்டாரோடு பேச அவர் தானாகவே உண்டாக்கிக்கொண்ட சைகைகளும் இருந்தன. பிறவியிலேயே இரண்டும் இல்லாத குழந்தைக்குப் பொருளுக்குப் பெயர் உண்டு என்பதே பிறகு வரும் செய்தி. அதற்கும் முன்னால், நான் ஏதாவது செய்தால் உலகம் பதில் சொல்லும் என்று தெரிய வேண்டும். கண்ணுவுக்கு அது தெரிய ஏழு மாதம் ஆனது. ஏழு மாதத்தில் அது நடந்ததை நான் இன்றும் பெரிய வெற்றியாகவே கருதுகிறேன்.

நாள் பெட்டி என்று நாங்கள் அழைக்கும் ஒன்றைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் எவரும் செய்துகொள்ளலாம். நூல் கோன் வரும் அட்டைப்பெட்டியை நீளவாக்கில் வெட்டி, மூன்று அறைகளாகத் தடுத்தோம். இடமிருந்து வலமாக, அடுத்து நடக்கப்போகும் மூன்று காரியங்களுக்கு மூன்று பொருள். குளியலுக்குச் சொம்பு, சாப்பாட்டுக்கு அவளுடைய கரண்டி, தூளிக்கு ஒரு முழம் சேலைத் துண்டு. பொருளை எடுத்து, தடவி, அதனுடன் அந்த இடத்துக்குப் போய், காரியம் முடிந்ததும் வலது ஓரத்தில் உள்ள கூடையில் போட வேண்டும். கூடை என்றால் முடிந்தது. முதலில் ஒரே அறையில் தொடங்கி, மாதக்கணக்கில் மூன்றுக்கு வந்தோம்.

பொருளைத் தேர்ந்தெடுப்பதில் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் தவறுவார்கள். மாமா வீட்டுக் கட்டுத்தரைக்குப் போகப்போகிறோம் என்பதற்கு பிளாஸ்டிக் மாட்டுப் பொம்மையை வைத்தேன். நம் கண்ணுக்கு அது மாடு. அவள் கைக்கு அது வழவழப்பான, காலுள்ள ஏதோ ஒன்று. ஈரமான மூக்கும் கதகதப்பான வயிறும் உள்ள பசுவுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. பொம்மையை எடுத்துவிட்டு, மாட்டைக் கட்டும் தாம்புக் கயிற்றில் ஒரு துண்டை வைத்தோம். சாணமும் பாலும் கலந்த வாடை அதில் இருந்தது. எடுத்தாள், முகர்ந்தாள், வாசலை நோக்கி நடந்தாள்.

அப்பாவுக்கு நாங்கள் வைத்தது தேய்ந்துபோன தறி நாடா, ஊடை நூலோடு தறியில் இருபக்கமும் ஓடும் கட்டை. அதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. கூலி உயர்வு கேட்டுத் தறிகளை நிறுத்திய ஒரு சமயம், சுவர் நாள்கணக்கில் அதிரவில்லை. கண்ணு சாப்பிடவில்லை, இரவில் தூங்கவில்லை, தலையை மோதி நெற்றி வீங்கிவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் கவலைதான், ஆனால் காரணம் தெரிந்த கவலை. அவளுக்கு மட்டும் எவரும் எதையும் சொல்லவில்லை. சொல்ல எங்களிடம் சொல் இல்லை. அந்த வாரம் அவளுடைய அப்பா என்னிடம், "டீச்சர், நான் செத்துவிட்டேன் என்று நினைத்திருப்பாளோ?" என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் சுவருக்கும் அவருக்கும் உள்ள உறவு எனக்கு உறைத்தது. அவளைக் குடோனுக்குள் கூட்டிப்போய், நின்ற தறியின்மேல் அவர் கையை வைத்து, அவர் கையின்மேல் அவள் கையை வைத்தோம். தறி அசையவில்லை, அப்பா இருக்கிறார். அரைமணி நேரம் அங்கேயே நின்றாள். அன்றிரவு தூங்கினாள்.

மருத்துவப் பக்கத்தில் சில செய்திகளைத் தாய்மார்களுக்காகச் சொல்கிறேன். கண்ணுவின் அம்மாவுக்குக் கருவுற்ற மூன்றாம் மாதம் லேசான காய்ச்சலும் சிவப்புத் தடிப்பும் வந்தன. அம்மை என்று வேப்பிலை வைத்தார்கள், மூன்றே நாளில் இறங்கிவிட்டது. அது ரூபெல்லா. பெரியவர்களுக்கு இவ்வளவு சாதுவாக வந்துபோகும் நோய், கருவின் முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் வந்தால் குழந்தையின் கண், காது, இதயம் மூன்றையும் தாக்கக்கூடியது. தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரையிலான குழந்தைகளுக்குத் தட்டம்மை ரூபெல்லா தடுப்பூசி போட்டார்கள். அந்த நாட்களில் வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திகளை நம்பி ஊசியை மறுத்த வீடுகளுக்கு நானே போய்ப் பேசினேன். கண்ணுவைப் பற்றிச் சொன்னேன். சிலர் கேட்டார்கள்.

அவள் பிறந்தபோதே இரண்டு கண்ணிலும் புரை இருந்தது; அறுவைச் சிகிச்சை தாமதமாகத்தான் நடந்தது. கூப்பிட்டால் திரும்பாததைப் பார்வையின்மையின் கணக்கிலேயே எழுதிவிட்டார்கள். காதைச் சோதித்தது ஐந்து வயதுக்கு மேல். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் என்னும் உள்காதுக் கருவியைப் பொருத்துவது ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு; தாள்களைச் சேர்ப்பதற்குள் அந்த வயது கடந்துவிட்டது. குழந்தைக்குக் கண்ணில் குறை என்றால் காதையும், காதில் குறை என்றால் கண்ணையும் அந்த மாதமே சோதித்துவிடுங்கள். சான்றிதழ் வாங்கும்போதும் கவனம் வேண்டும். 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 வகைகளில் காது கேளாமையும் பார்வையின்மையும் சேர்ந்த நிலையும் பெயரோடு வருகிறது. கண்ணுவின் முதல் சான்றிதழில் கண்ணை மட்டும் குறித்துக் கொடுத்திருந்தார்கள். இரண்டையும் சேர்த்து எழுதவைக்க மூன்று முறை அலைந்தோம். அலைந்தது வீண்போகவில்லை.

மிச்சமிருக்கும் பார்வையையும் கேட்கும் திறனையும் அலட்சியம் செய்யாதீர்கள். வெள்ளைச் சோற்றைக் கறுப்புத் தட்டில் வைத்தால் கண்ணுவுக்கு ஒரு வெளிச்சத் திட்டு தெரிகிறது. கை நேராகப் போகிறது. ராகிக்களிக்கு வெள்ளைத் தட்டு. காதொலிக் கருவியைத் தறி ஓடும் வீட்டில் மாட்டிவிட்டு, பிடுங்கி எறிகிறாள் என்று முதலில் வருத்தப்பட்டோம். கருவி அந்த இரைச்சலைத்தானே பெருக்கிக் கொடுத்தது? இப்போது தென்னந்தோப்புக்குப் போகும்போது மட்டும் மாட்டுகிறோம், அங்கே வைத்துக்கொள்கிறாள்.

எனக்குப் பாடம் சொன்ன இன்னொருவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் அண்ணன். பிறவியிலேயே காது கேளாதவர், காது கேளாதோர் பள்ளியில் படித்து நன்றாகச் சைகை பேசுகிறவர். இருபது வயதுக்கு மேல் பார்வை ஓரத்திலிருந்து சுருங்கத் தொடங்கியது. இப்போது ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் நடுவில் மட்டும் தெரிகிறது. அஷர் நோய்க்குறி என்று பெயர். தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒரே மரபணுக் குறை வந்துசேர்ந்தால் உண்டாவது. அவருடைய பெற்றோர் மாமன் மகளும் அத்தை மகனும். சொந்தத்துக்குள் கட்டிக்கொடுப்பது சாதாரணமாக இருக்கும் எங்கள் பக்கம் இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. சொல்லத்தான் வேண்டும். காது கேளாத குழந்தை நடக்கத் தாமதித்திருந்தால், அந்தி நேரத்தில் கட்டிலிலும் வாசற்படியிலும் இடறினால், அது கவனக்குறைவு என்று திட்டாமல் விழித்திரையைச் சோதிக்கும் மருத்துவரிடம் போங்கள்.

அந்த அண்ணன் என் சைகையைத் திருத்தினார். கையை அகல வீசாமல் முகத்துக்கும் நெஞ்சுக்கும் நடுவிலேயே பேச வேண்டும், அவருடைய குழாய்க்குள் அதுதான் அடங்கும். பூப்போட்ட சேலையைத் தவிர்த்து ஒரே நிறத்தில், தோலின் நிறத்துக்கு எதிரான நிறத்தில் உடுத்த வேண்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்கக் கூடாது. இருட்டியபின் என் கைகளின்மேல் தன் கைகளை வைத்து, நான் சைகை செய்வதைத் தொட்டே படித்தார். கண்ணுவுக்கு எந்தத் திசையில் மொழியைக் கொண்டுபோக வேண்டும் என்று அன்று இரவு திருப்பூர் பஸ் நிலையத்தில் எனக்குத் தெரிந்தது. பிறகு அவர் ஒருநாள் கண்ணுவைப் பார்க்க வந்தார். இருவரும் ஒருவர் கையை ஒருவர் தடவிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். நான் குறுக்கே போகவில்லை.

ஒன்பது வயதில், வாரம் ஒருநாள் ஊர் ஒன்றியப் பள்ளிக்குக் கூட்டிப்போகத் தொடங்கினோம். முதல் நாள் பிள்ளைகள் விலகி நின்றார்கள். மரமணிக் கயிற்றைக் காட்டி, நான் யார் என்று அவளுக்கு இப்படித்தான் தெரியும் என்று சொன்னேன். மறுவாரம் பிள்ளைகள் ஆளுக்கொரு தொடுபெயரோடு வந்தார்கள். ஒருத்தி தன் சடை நுனியால் கண்ணுவின் கையில் வருடுவாள். ஒருவன் தன் காது மடலைப் பிடித்துப் பார்க்கச் சொல்வான். இன்னொருவன் சட்டைப் பையில் எப்போதும் ஒரு கொட்டைமுத்து வைத்திருப்பான், அதுதான் அவன். பெஞ்சில் தாளம் தட்டினால் அவளுக்கு முழங்கை வழியாகத் தெரியும் என்று கண்டுபிடித்ததும் அவர்கள்தான். மாரியம்மன் சாட்டில் கம்பத்தைச் சுற்றி ஜமாப் மேளம் அடிக்கும்போது கூட்டத்தில் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, அவள் கையை அவள் நெஞ்சிலேயே வைத்துவிட்டார்கள். கண்ணு அன்று ஆடினாள்.

பதின்மூன்று வயதில் பெரியவளானாள். மாதவிடாயைச் சொல்லிக்கொடுப்பது கடினம், ஆனால் நாள் பெட்டி இருந்ததால் ஒரு வழி இருந்தது. துணியும் நாப்கினும் அதில் ஒரு பொருளாகச் சேர்ந்தன. அம்மா தன் கையின்மேல் மகளின் கையை வைத்துக் கற்றுக்கொடுத்தார். அதைவிட எனக்குப் பயமாக இருந்தது வேறொன்று. தொடுதலே மொழியாக உள்ள பெண்ணுக்கு எந்தத் தொடுதல் தவறு என்று எப்படிச் சொல்வது? வீட்டில் ஒரு விதி வைத்தோம். யாராக இருந்தாலும் முதலில் தோள், பிறகு தன் அடையாளம். அடையாளம் காட்டாத கையை அவள் தள்ளலாம். தள்ளினால் அவளை யாரும் கண்டிக்கக் கூடாது. தெரட்டி சீரின்போது உறவுக்கார அம்மா ஒருவர் நேராக வந்து கன்னத்தில் சந்தனம் பூச, கண்ணு அந்தக் கையை வேகமாகத் தள்ளிவிட்டாள். பந்தல் அமைதியானது. அம்மிச்சி எழுந்து, "முதலில் உன் வளையலை அவள் கையில் காட்டு அம்மிணி, அப்புறம் பூசு" என்றார். அந்த அம்மாவும் காட்டினார், பிறகு பூசினார்.

புள்ளிகளைத் தொட்டுப் படிக்கும் பிரெயில் எழுத்துக்கு எல்லாக் குழந்தைகளும் வந்துசேர்வதில்லை. வராவிட்டால் பொருள்களும் தொடுசைகைகளும் வைத்தே முழு வாழ்க்கை வாழலாம். கண்ணு வந்தாள். முட்டை அட்டையில் ஆறு குழியை வெட்டியெடுத்து, எலுமிச்சம்பழங்களை வைத்து ஆறு புள்ளிகளின் இடத்தைப் பழக்கினோம். பிறகு மரப்பலகையில் ஆணித் தலைகள், கடைசியில் காகிதம். தமிழ்ப் பிரெயிலில் உயிர்மெய்யைப் பிரித்து, ஒலிக்கும் வரிசையிலேயே எழுதுவோம்: மெய்க்குரிய கட்டம், அதன்பின் உயிர்; அகரத்துக்கு மட்டும் தனிக் கட்டம் இல்லை. அவளுக்கு நான் தேர்ந்தெடுத்த முதல் சொல் "தறி". த, ற, இ, மூன்றே கட்டம். அந்தக் காகிதத்தை அவள் கன்னம் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டினோம். தேய்ந்து தேய்ந்து இதுவரை ஆறு முறை மாற்றியிருக்கிறோம்.

இந்த ஆண்டு தொடக்கத்தில் ஒரு புதன்கிழமை நான் அங்கே இருந்தபோது, பராமரிப்புக்காகக் காலையிலேயே மின்சாரத்தை நிறுத்தினார்கள். தறி நின்றது. கண்ணு சுவரிலிருந்து முகத்தை எடுத்தாள். நான் எழுந்து நெற்றியைக் காக்கப் போனேன். அவள் மோதிக்கொள்ளவில்லை. நாள் பெட்டியிடம் நடந்துபோய், நாடாவைத் தேடி எடுத்து, கூடையில் போட்டாள். பிறகு கையை நீட்டிக்கொண்டு நின்றாள். தறி முடிந்துவிட்டதா என்று கேட்கிறாள்.

முடியவில்லை, மின்சாரம்தான் இல்லை என்று சொல்ல என்னிடம் ஒரு பொருளும் இல்லை. அவளுடைய அப்பா குடோனுக்குள் போய்ப் பழைய சுவிட்ச் ஒன்றை எடுத்துவந்தார். என் கைக்குமேல் அவள் கை, என் விரலுக்குக் கீழே சுவிட்ச். நின்ற தறியைத் தொட்டோம், சுவிட்சை மேலே தட்டினோம். திரும்பத் திரும்பச் செய்தோம். நான் கிளம்பும்வரை அதைக் கையைவிட்டு வைக்கவில்லை.

மாலையில்தான் மின்சாரம் வந்தது. அப்போது நான் பஸ்ஸில் இருந்தேன். அம்மிச்சி போனில் சொன்னார்: சுவர் அதிர்ந்ததும் கண்ணு கையிலிருந்த சுவிட்சைக் கீழே தட்டினாளாம், பிறகு கூடையிலிருந்து நாடாவை எடுத்துப் பெட்டியில் திரும்ப வைத்தாளாம்.